எண்பத்திரண்டு கிலோ

"இன்னா நைனா, திருப்பதிக்குப் போய்ட்டு லட்டு இல்லாம வந்துக்கிறே?" என்று அங்காளம்மாள் கேட்டதும், சுகாதார நிலையத்து வராண்டாவில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மோகன்குமார் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

"ரெண்டு வாரமா ஆளக் காணம். நடந்தே போனான் போலக்கீது. பாரு, எப்டி எளச்சிட்டான்!" என்றாள் அங்காளம்மாள், விடாமல்.

அவனைப் பார்த்த பிறகுதான் நர்ஸ் அம்பிகாவுக்கு உயிரே வந்தது. இரண்டு வாரமாக அவன் போன் அணைந்தே கிடந்தது. புதன்கிழமைதோறும் நடந்த எடைக் குறைப்பு முகாமுக்கு இன்றுதான் கடைசி நாள். நாற்பத்தாறு பேரோடு ஆரம்பித்தது, ஐந்து மாதத்தில் ஒன்பது பேருக்கு வந்து நின்றிருந்தது. அந்த ஒன்பதிலும் மூன்று பேருக்கு எடை ஏறியிருந்தது.

அவள் சொல்லிப் பார்க்காதது இல்லை. சோற்றைக் குறையுங்கள், மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள், ராத்திரி பரோட்டாவை விடுங்கள். சுற்றுப்பட்டுக் குப்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தது.

"வலை இழுத்தப்போ தின்னதெல்லாம் கரைஞ்சிது சிஸ்டர். இப்போ ஏரில இழுக்கறதுக்கு இன்னா கீது? ஆம்பளைங்கல்லாம் கம்பெனில போயி குந்திக்கிறாங்கோ" என்று அங்காளம்மாள் ஒருநாள் சொன்னாள்.

மோகன்குமாரும் கம்பெனி ஆள்தான். ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் பசியாவரத்துக்காரன், மீஞ்சூர்ப் பக்கம் கிரேன் ஓட்டுகிறான். பன்னிரண்டு மணி நேரம் ஒரே இருக்கை. முகாமுக்கு வந்த முதல் நாள் தொண்ணூற்றெட்டு கிலோ இருந்தான்.

"உங்க உயரத்துக்கு எழுபத்தஞ்சுதான் இருக்கணும்" என்றாள் அம்பிகா.

"எண்பத்திரெண்டு போதும் சிஸ்டர். ஆனா சீக்கிரமா வரணும்."

கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இவன் மட்டும் சொன்னதைச் செய்தான். பஸ்ஸை விட்டு நடந்தான். படகின் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, கழி ஊன்றியே ஏரியைக் கடந்தான். தட்டில் சோறு ஒரு பிடி, மீதியெல்லாம் கீரை. சில வாரம் ஒரு கிலோ இறங்கும், சில வாரம் அப்படியே நிற்கும். இறங்காத வாரங்களில் அவன் எடை மிஷினைவிட்டு நகரமாட்டான். "இன்னொரு வாட்டி பாருங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவான்.

இன்று அவன் முறை வந்தது. ஏறி நின்றான். குனிந்து எண்ணைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்பத்திரெண்டு! கரெக்டா எண்பத்திரெண்டு!" அம்பிகாவின் குரல் வராண்டாவரை கேட்டது.

பெண்கள் கை தட்டினார்கள். அங்காளம்மாள் எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேராக நெட்டி முறித்தாள். மோகன்குமார் அப்படியே நின்றான். "இறங்குங்க மோகன்" என்று அம்பிகா இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

போட்டோ எடுத்தாள். "கொஞ்சம் சிரிங்களேன்" என்றதற்கு அவன் உதட்டை இழுத்துப் பார்த்தான், சிரிப்பாக வரவில்லை. சந்தோஷத்தில் ஆள் திணறிப்போயிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் காட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டான். முகாமை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அவனை எதிரில் உட்காரவைத்து படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, உயரம், அன்றைய எடை, இன்றைய எடை. கடைசிக் கட்டத்தில், 'எடையைக் குறைக்கத் தூண்டியது எது?' என்று இருந்தது.

"இதுல என்ன எழுதட்டும்?"

"ஏதாவது எழுதிக்குங்க சிஸ்டர்."

"அப்படிச் சொன்னா எப்படி? இதைப் படிச்சிட்டு இன்னும் நாலு பேர் வருவாங்க இல்ல? கல்யாணம்னு போடவா?"

மோகன்குமார் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தான்.

"சென்னைல பெரிய ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணாங்கோ. என் ஈரல்ல கொழுப்பு ஜாஸ்தியா கீதாம். எண்பத்திரெண்டுக்கு எறங்கி வா, அப்பதான் அதுல பாதிய வெட்டி எட்த்து வைக்க முடியும்னாங்கோ."

அம்பிகாவின் பேனா நின்றது. "யாருக்கு வைக்க?"

"எங்க அண்ணனுக்கு."

இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு காரணத்தை அவள் எழுதியதே இல்லை. 'அண்ணனுக்குக் கல்லீரல் தானம் செய்ய' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே மோகன்! வெளியில அவங்ககிட்டயும் சொல்லணும். ஆபரேஷன் என்னைக்கு?"

மோகன்குமார் எழுந்துகொண்டான். பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னான்.

"நேத்து அவருக்குப் பதினாறாம் நாளு காரியம், சிஸ்டர்."