நீலக்கல் தோடு

மன்னிப்பின் விலை மூவாயிரம் பெசோ. மனைவி யாமிலேத்தை அடித்தால், மறுநாள் சாயங்காலமே எலாடியோ, சாந்தியாகோ நகரின் அடகுக்கடையில் நீலக்கல் தோடு வாங்கிவிடுவான். இது ஏழாவது முறை.

"ரெண்டாயிரம் வெச்சுக்கோ."

"அறையுறப்போ குறைச்சா அறைஞ்சே? மூவாயிரம்," என்றாள் கடைக்காரி நெரெய்தா.

"வாயை மூடு. தோட்டைப் பார்த்தா அவ மனசு மாறிடுவா. என்னை விட்டா அவளுக்கு யாரு?"

பணத்தை மேசையில் எறிந்துவிட்டுத் தோட்டுப் பெட்டியைத் திறந்தான். "போன தடவை இதே கீறலைக் காட்டித்தானே விலையைக் குறைக்கச் சொன்னேன்?"

"அதே தோடுதான். ஒவ்வொரு தடவையும் நீ குடுத்த மறுநாளே அவ என்கிட்ட திருப்பி வித்துட்டா. இன்னைக்கு மத்தியானம் விமானம் ஏறிட்டா. எங்கேன்னு கேக்காதே."

எலாடியோவின் கை பணத்தை நோக்கி நீண்டது. நெரெய்தா முந்திக்கொண்டு அதை எடுத்தாள்.

"டிக்கெட் இருபத்தோராயிரம். ஆறு தடவை தோடு வித்த காசு பதினெட்டாயிரம். குறைஞ்ச மூவாயிரத்தை, நீ வருவேன்னு நம்பி நான் கடன் குடுத்தேன். இப்போ அடைச்சிட்டே. கணக்கு நேர்."