ரேமுக்கு எடுத்த அளவு

சாயங்கால வெயில் தையல் மேஜைமேல் பக்கமூடி கழன்று கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்குள் விழுகிறது. மகளின் பாடத்துக்கு இதன் வேகம் போதவில்லை, புதுசு வாங்கவும் வசதியில்லை. வேகம் கூட்ட, போன வாரம் தையல்காரியின் கொழுந்தன் வாங்கி வந்த ரேம் என்னும் நினைவகப் பட்டை இதற்குள் உட்காரவே மாட்டேன் என்றது. "பழைய இரும்புக்குப் போட்டுடுங்க அண்ணி" என்று கைகழுவிவிட்டான். அவள் விடவில்லை. மகளின் பாடம் ஒரு நாளும் நிற்கக் கூடாதென்று, உள்ளே இருந்த ரேமைக் கடைக்குக் கொண்டுபோகாமல் காகிதத்தில் வைத்துக் கோடிழுத்து, அடிவிளிம்பின் சின்ன வெட்டோடு கத்தரித்தாள். லேபிளில் இருந்ததையும் அதன்மேல் எழுதினாள். பழைய சாமான் கடையில் அந்தக் காகிதத்துக்குப் பொருந்திய ஒன்றைத்தான் இப்போது பழசுக்குப் பக்கத்தில் வைத்து இரு கட்டைவிரலாலும் அழுத்துகிறாள். பிரஸ் பட்டன் போல 'டக்' என்று பிடித்துக்கொள்கிறது. சுவிட்சைத் தட்டியதும் உள்ளிருக்கும் விசிறி முனகுகிறது, திரை விழிக்கிறது. இரண்டு ஜிபி என்று காட்டிய இடத்தில் நாலு. கொழுந்தன் திரையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

"அளவெடுக்காம வாங்கினா எதுதான் சேரும்?" என்கிறாள் அவள், குரலை உயர்த்தாமல். பிறகு அந்தக் காகிதத்தில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதி, வாடிக்கையாளர்களின் சட்டை அளவுகள் தொங்கும் ஆணியில், எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டுகிறாள்.