கடைசிப் பெயர்

மகனின் பெயரை ஒற்றை விரலால் அடித்தார்.

நவநீதன்.

ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, லேப்டாப்பில் தேடும் பொத்தானைத் தட்டினார்.

சங்ககிரியில் மத்தியான வெயில். மகன் இருக்கும் அமெரிக்கப் புறநகரில் இன்னும் விடிந்திருக்காது. அந்த ஊரில் யாரைச் சிறையில் வைத்தாலும் பெயரும் படமும் பட்டியலில் வந்துவிடுமாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். மகனின் நண்பன்தான் அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தான்.

மருமகளிடமிருந்து வந்தது இரண்டே வரி. முந்தாநாள்.

"அவரப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க மாமா. இனிமே என்னயக் கூப்பிடாதீங்க."

அதன் பிறகு இரண்டு பேருமே போனை எடுக்கவில்லை.

பொருந்தும் பதிவு எதுவும் இல்லை என்றது திரை.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். வீடோ நிலமோ வாங்குகிறவர்கள் அதன்மேல் கடன், வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டு வருவார்கள். பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, வில்லங்கம் ஏதுமில்லை என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளை வாங்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

இப்போது தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் ஏதோ கோபத்தில் எழுதியிருக்கிறாள். வண்டி ஓட்டும்போது சின்னத் தவறு நடந்திருக்கும். விசாரித்துவிட்டு அனுப்பியிருப்பார்கள். பெண்ணைப் பெற்றவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். கேட்கப் போவதை மனதுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தார். நன்றாகவே வந்தது.

சமையலறையைப் பார்த்து, இல்லை என்று கையை ஆட்டினார்.

அங்கேயிருந்து மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

குரல் கொடுத்துப் பயனில்லை. அவளுக்கு இடது காது கேட்காது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் போனது. டாக்டரிடம் அவர் அப்படித்தான் சொன்னார்.

பக்கத்தை மூடப் போனார்.

அப்போதுதான் பார்த்தார். மகனின் பெயரை அவர் அடித்திருந்த கட்டத்துக்கு மேலே, கடைசிப் பெயர் என்று போட்டிருந்தது.

நமக்கு ஏது கடைசிப் பெயர். பாஸ்போர்ட் எடுத்த சமயம் அந்தக் கட்டத்தை வெறுமனே விடக்கூடாது என்றார்கள். படிவத்தை நிரப்பியவர் அவர். யோசிக்காமல் தன் பெயரை எழுதினார். அங்கே ஆபீசில் என்னை எல்லாரும் உங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று மகன் சொன்ன அன்று, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் தீர்த்தார். அவ்வளவு பெருமை.

மகனின் பெயரை அழித்தார்.

அர்த்தநாரி என்று அடித்தார்.

இந்த முறை சரிபார்க்கவில்லை. ஆயுசு முழுக்கக் கையெழுத்தாகப் போட்ட பெயர்.

ஒரு பதிவு இருந்தது.

முதலில் அவர் பெயர், பெரிய எழுத்தில். ஒரு காற்புள்ளி. அதற்குப் பின்னால் நவநீதன்.

உயரம். எடை. கண்ணின் நிறம் பழுப்பு.

பக்கத்தில் படம். நாலு நாள் தாடி. கசங்கிய பனியன். இடது கன்னத்தில் மூன்று நகக் கீறல்கள்.

அந்தக் கீறல்களை அவருக்குத் தெரியும். அதேபோல் மூன்றோடு ஒருமுறை அலுவலகம் போயிருக்கிறார். வேலி முள் கிழித்துவிட்டது என்றார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் காபி வாங்கிக் கொடுத்தார்.

குற்றம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி. வார்த்தை வார்த்தையாகக் கூட்டிப் படித்தார்.

குடும்பத்தில் ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தியது.

இதை இவ்வளவு சின்னதாக எழுதிவிடலாம் என்று அவர் நினைத்ததே இல்லை.

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பதிவாகாமல் எத்தனை நடந்திருந்தாலும் அதில் வராது. எத்தனையோ பேருக்கு இதை அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

அந்த வரியை இன்னொரு முறை கூட்டிப் படித்தார்.

மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு வலப்பக்கமாக நின்றாள். லேப்டாப்பை மூட நேரமிருந்தது. அவர் மூடவில்லை.

படத்தைப் பார்த்தாள். "என்ற சாமி" என்று முனகி, மகனின் கன்னத்தில் விரலை வைத்தாள். கீறல்கள் இருந்த இடத்தில்.

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரே ஒரு பெயரைத் தவிர. கேஸ் சிலிண்டர் புத்தகத்திலும் பேங்க் பாஸ்புக்கிலும் பார்த்துப் பார்த்து அதன் உருவம் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

விரல் கன்னத்திலிருந்து மெல்ல மேலே போய், பெரிய எழுத்தில் நின்றது.

"ஏனுங்க, இதுல உங்க பேருதானுங்க போட்டிருக்குது?"

ஆமாம் என்றார்.

அவளுக்குக் கேட்கவில்லை. வழக்கம்போலத் தலையைத் திருப்பி, வலது காதை அவர் பக்கம் கொடுத்துக்கொண்டு நின்றாள். முப்பத்தோரு வருடமாக எதையும் அவர் அவளிடம் இரண்டு முறைதான் சொல்கிறார்.

"ஆமா," என்றார். "என்ற பேருதான்."