வெளிர் சாம்பல் எழுத்து

அணில் தன்னுடைய வறுத்த வேர்க்கடலை வியாபாரத்துக்கு ஒரு இணையதளம் செய்து தரச் சொல்லி மயிலிடம் கேட்டது. மயில் பத்து நாள் தோகையை விரித்து விரித்து யோசித்தது. கடைசியில் வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியது.

"வாங்குற பட்டன் எங்கே?" என்றது அணில்.

"அந்த மேகப் படத்துக்குள்ளே. தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் அழகு."

"என்கிட்ட வாங்குறது மூஞ்சூறும், கிழட்டு ஆமையும், பகல்ல கண்ணு தெரியாத ஆந்தையும். எழுத்தைக் கறுப்பாக்கு, பெரிசாக்குன்னு நாலு தடவை சொல்லிட்டேன்!"

"பெரிசாக்கினா பெட்டிக்கடை மாதிரி ஆயிடும்."

"பெட்டிக்கடைதாம்மா அது!"

மயில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தளம் அப்படியே திறக்கப்பட்டது. ஒரு மாதம் ஓடியது. ஒரு ஆர்டரும் வரவில்லை. வறுத்த கடலை மூட்டையோடு நமத்துப்போனது. கடைசியில் மூஞ்சூறு மூச்சு வாங்க நடந்தே வந்து, "கடையை மூடிட்டியா? திரையில ஒண்ணுமே இல்லையே," என்றது.

அணில் அதைக் கையோடு மயிலிடம் இழுத்துக்கொண்டு போனது.

"படிக்க முடியலேன்னா சொல்றதுக்குத்தான் தளத்திலேயே புகார்ப் பெட்டி வச்சிருக்கேனே," என்றது மயில் நிதானமாக. "இன்னிக்கு வரைக்கும் ஒரு புகார்கூட வரலை."

"அந்தப் பெட்டி எங்கே இருக்கு? காட்டு."

மயில் கழுத்தை நீட்டி, அலகு திரையில் இடிக்கக் குனிந்து, தேட ஆரம்பித்தது.