முன்கூட்டிய நிவாரணம்

புயல் கரையைக் கடப்பதற்கு மூன்று நாள் முன்பே நிவாரணத்தைக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். கணிப்பு ஒருமுறைகூடப் பிசகியதில்லை. பட்டா வைரக்கண்ணு பேரில் இருப்பதால் பணம் எப்போதும் அவருக்குத்தான் வரும். இந்தத் தடவை அவர் மனைவி மலர்க்கொடியின் கணக்குக்கு வந்தது. பத்து லட்சம்.

“ஒரு ஏக்கருக்கா? ஆபீசுல தப்பாப் போட்டிருப்பானுவ, கேளு” என்றார் வைரக்கண்ணு, வயலில் வடிகால் வெட்டக் கிளம்பியபடி.

மலர்க்கொடி கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டாள்.

“சரியாத்தாம்மா இருக்கு” என்றார் அவர். “வாரிசு நீங்கதானே?”

அவள் போனை வைத்தாள்.

“என்னவாம்?” என்றார் வைரக்கண்ணு.

“தப்பில்லையாம்.”

“அப்ப புது மோட்டாரே வாங்கிடலாம்” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டார்.

மலர்க்கொடி அதைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தாள்.

“மண்வெட்டியும் புதுசா வாங்கிக்கலாம்” என்றாள், “புயல் போனப்புறம்.”