இரண்டாவது சாட்சி

"பேசாம கையெழுத்தைப் போடுங்க மாமா. மூணு மணிக்குப் பதிவு. வண்டி கீழே நிக்குது" என்றாள் மருமகள்.

"போட மாட்டேன். என் பையன் ஆத்மா என்னை மன்னிக்காது." பெரியவர் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

இரண்டாவது சாட்சியாக வந்திருந்த கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். எத்தனையோ பேருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒரு பத்திரத்தையும் படித்ததில்லை. படித்தால் கூப்பிட்டவர்களை நம்பவில்லை என்றாகிவிடுமாம். அப்படியொரு பெரிய மனிதத்தனம்.

மேசையைப் பார்த்தார். பெரியவரின் ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் புத்தகம், காப்பீடு, மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் நான்கு கோப்புகளில் அடுக்கி, மேலே சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மகன் போய் இரண்டு வருடம். வருகிற வெள்ளிக்கிழமை இவளுக்கு மறுமணம். அதற்குள் வீட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறாள், கிழவர் நடுத்தெருவில் நிற்கப்போகிறார் என்று நினைக்க நினைக்கப் பூட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, வயசானவரை இப்படியா நெருக்குவாங்க?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணே. நான் போறதுக்குள்ள இது முடிஞ்சாகணும். அப்புறம் இவர் யார் பேச்சையும் கேக்க மாட்டார்."

பேனாவை மாமனாரின் விரல்களுக்கிடையே செருகினாள். அவர் உதறிவிட்டார். அது கட்டிலுக்கடியில் உருண்டது. அவள் குனிந்து தேடிய நேரத்தில் பூட்டுக்காரர் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன். வர்றதை நான் பாத்துக்கறேன்."

"கிழிப்பா" என்றார் பெரியவர் உடனே.

"கிழிங்க" என்றாள் அவளும், பேனாவோடு நிமிர்ந்து. "நாளைக்கே வேற எழுதிக்கிட்டு வருவேன்."

என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்தபடி பூட்டுக்காரர் பத்திரத்தை இரண்டாக மடித்தார்.

பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். "நல்லாக் கிழிப்பா. என் பையன் அவ பேர்ல எழுதி வெச்சுட்டுப் போன வீடு இது. இதை எனக்குத் தானமா குடுத்துட்டு, வெறுங்கையோட போறேங்கறா."