புதருக்குள் ஒளிகிற நாயகன்

படத்தொகுப்பு அறையில் ஏசி பதினெட்டில் ஓடுகிறது; இயக்குநருக்கு மட்டும் வியர்க்கிறது. காட்டில் வழி தவறியவனைப் பற்றிய அவருடைய படத்தில் நம்ப முடியாத இடங்களைச் சொல்வதற்காக, ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். மரியாதைக்கார மனிதர், வாய் திறந்து குறை சொல்வதில்லை, இருமுகிறார். நாயகன் ஈர விறகை ஒரே தீக்குச்சியில் பற்றவைக்கும்போது ஒரு இருமல். ஆற்றை விட்டுவிட்டு மலையேறும்போது இரண்டு. மூன்றாம் நாளும் அவன் முகம் மழமழவென்று இருப்பதைப் பார்த்து வரும் இருமலுக்கு எடிட்டர் தண்ணீரே எடுத்துக் கொடுக்கிறார். அடுத்து வருவது, இயக்குநர் உயிரைக் கொடுத்து எடுத்த காட்சி. தேடி வந்தவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாயகன் புதருக்குள் ஒளிந்துகொள்கிறான். "காப்பாத்த வந்தவனைப் பாத்து எவன்யா ஒளிவான்? இதுக்கும் இருமினாருன்னா வெட்டிருவேன், அப்புறம் அழக்கூடாது" என்று எடிட்டர் இயக்குநரின் காதைக் கடிக்கிறார். இயக்குநர் நகத்தைக் கடித்தபடி, திரையை விட்டுவிட்டுக் காவலரின் தொண்டையையே பார்க்கிறார். தொண்டை அசையவில்லை. திரையில் டார்ச் வெளிச்சம் புதரைத் தாண்டிப் போகிறது. "சார், இது நடக்குமா?" என்று இயக்குநர் கேட்கிறார். "நடக்கும் தம்பி. பயம் முத்திப்போச்சுன்னா மனுசக் குரலும் மிருகம் மாதிரிதான் கேக்கும்." இயக்குநர் எடிட்டரின் முதுகில் ஓங்கித் தட்டுகிறார். "கேட்டியாய்யா? நடக்குமாம்!" காவலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு வாத்தியார் இப்படித்தான் ஒளிஞ்சிருந்தாரு. அந்தப் புதரை நாங்க நாலு தடவை தாண்டிப் போயிருக்கோம்" என்கிறார். வாத்தியாரை உயிரோடு கண்டுபிடித்தார்களா என்று கேட்காமலே, எடிட்டர் படத்தை நிறுத்துகிறார்.